தொட்டிலில் தொங்கும் உடல்: செந்நாயின் தோளை எப்படி ரசிப்பது?

ஒரு விலங்கைப் பார்த்ததும் நம் கண் முகத்துக்குத்தான் போகிறது. மனிதரிடம் தேடிப் பழகியதையே விலங்கிடமும் தேடுகிறோம். செந்நாயின் படம் கையில் கிடைத்தாலும் செம்பட்டை மயிர், வட்டக் காது, கறுத்த புதர்வால் என்று அடையாளம் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் பல்லைப் பற்றிச் சொல்வார்கள்: நாய்க் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு 42 பற்கள் இருக்க, செந்நாய்க்கு 40தான். இவையெல்லாம் ஆளை அடையாளம் காட்ட உதவும். ரசிப்பதற்கு வேறு இடத்தில் தொடங்க வேண்டும். ஜொகூரின் வடக்கே பகாங் எல்லையை ஒட்டிக் கிடக்கும் எண்டாவ் ரொம்பின் காட்டில் புலி, யானை, தப்பீர் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் விலங்குகளில் செந்நாயும் ஒன்று. மலாய்க்காரர்கள் அதை அஞ்சிங் ஹூத்தான், காட்டு நாய், என்பார்கள். அதன் அழகு எங்கே திரண்டிருக்கிறது என்று கேட்டால், தோளில் என்பதுதான் இக்கட்டுரையின் பதில். தோளைப் படிக்கத் தெரிந்துகொண்டால் அது ஓடும் விதம், கூட்டமாக வேட்டையாடும் காரணம், அதன் முன்னோர் வாழ்ந்த நிலம், இன்று அதற்கு நேரும் கேடு ஆகிய நான்கையும் அந்த ஒரே இடத்தில் படித்துவிடலாம்.

எலும்பு இணைக்காத கால்

முதலில் உங்கள் உடலிலிருந்தே தொடங்குங்கள். கழுத்துக்குக் கீழே, சட்டைக் காலரை ஒட்டி, இரு பக்கமும் குறுக்கே ஓடும் எலும்பைத் தடவிப் பாருங்கள். அதுதான் காறை எலும்பு. மார்பெலும்பில் தொடங்கித் தோளின் முனையில் போய் முட்டும் அந்த ஒற்றை எலும்புதான் நம் கையை உடற்கூட்டோடு எலும்பால் இணைக்கிறது. செந்நாயிடம் இதே இடத்தைத் தேடினால் எதுவும் அகப்படாது. நாய்க் குடும்பத்து விலங்குகளிடம் காறை எலும்பு ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. கழுத்திலிருந்து மேற்கால் எலும்புக்கு இறங்கி, காலை முன்னே இழுத்துப் போடும் ஒரு நீண்ட தசை உண்டு. பிராக்கியோசெஃபாலிகஸ் என்பது அதன் பெயர். அந்தத் தசையின் நடுவே குறுக்காக ஓடும் மெல்லிய நார்க்கோடு ஒன்றுதான் ஒரு காலத்தில் அங்கே எலும்பு இருந்ததற்கு மிஞ்சிய தடம். ஆகவே செந்நாயின் முன்னங்கால் உடலோடு எந்த எலும்பாலும் மூட்டப்படவில்லை. தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் மிதக்கிறது. அதை உடலோடு பிடித்து வைத்திருப்பவை தசைகள் மட்டுமே.

அப்படியானால் உடலின் பாரத்தைத் தாங்குவது எது? நம் வீடுகளில் உத்தரத்திலிருந்து ஸ்பிரிங் போட்டுத் தொங்கவிடும் குழந்தைத் தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தோள்பட்டைகளும் உத்தரம். விலாக்களிலிருந்தும் கழுத்து முள்ளெலும்புகளிலிருந்தும் விசிறிபோல் விரிந்து மேலேறி, தோள்பட்டையின் உட்பக்கத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும் தசைதான் தொட்டில் துணி. ரம்பத்தின் பற்கள்போல் வரிசையாக விலாக்களைப் பற்றியிருப்பதால் அதற்குச் செரேட்டஸ் வென்ட்ராலிஸ் என்று பெயர். இடமும் வலமும் ஆக இரண்டு விசிறிகளுக்கு நடுவே செந்நாயின் மார்புக்கூடு குழந்தைபோல் தொங்குகிறது. நின்றிருக்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. செந்நாய் பொதுவாக 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். 15 கிலோ செந்நாய் ஒன்று சும்மா நிற்கும்போதே 9 கிலோ பாரம் இந்தத் தொட்டிலில் தொங்குகிறது. அது தாவி இறங்கும் கணத்தில் பாரம் இன்னும் பல மடங்கு ஏறும். அந்த அதிர்ச்சி எலும்பிலிருந்து எலும்புக்குத் தாவி முதுகெலும்பை முட்டாமல் தசையிலேயே அமுங்கி அடங்குகிறது. காறை எலும்பை இழந்ததில் முதல் லாபம் இதுதான்.

இரண்டாவது லாபம் நடையின் நீளம். மூட்டில் சிறைப்படாத தோள்பட்டை முன்னும் பின்னும் சுழலலாம், கொஞ்சம் வழுக்கவும் செய்யலாம். ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிஷரும் கரின் லில்யேவும் 32 இனங்களைச் சேர்ந்த 327 நாய்களை நடக்கவும் ஓடவும் விட்டுப் படமெடுத்தார்கள். எலும்பின் அசைவைக் காண அதிவேக எக்ஸ்ரே வீடியோவையும் பயன்படுத்தினார்கள். 2011இல் வெளிவந்த அவர்களது நூல் சொல்லும் முக்கியமான செய்தி, முன்னங்கால் ஆடும் அச்சு தோள் மூட்டில் இல்லை, தோள்பட்டையின் மேல் விளிம்புக்கு அருகே இருக்கிறது என்பது. நாய் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் பெரும்பங்கு தோள்பட்டையின் சுழற்சியால் கிடைப்பது. அதாவது நாம் கால் என்று நினைக்கும் பகுதிக்கு மேலே, முதுகுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, கால் உண்மையில் தொடங்குகிறது. மயிருக்குள் மறைந்திருக்கும் இந்தத் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் ரசனையின் முதல் பாடம்.

எதைப் பார்த்துப் பழகுவது?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். செந்நாயை யார் பார்த்திருக்கிறார்கள்? எண்டாவ் ரொம்பினைத் தேடிக் கஹாங் வழியாகக் கம்போங் பெத்தாவுக்குப் போனாலும், பெக்கோக் வழியாகச் செலாய்க்குப் போனாலும், காட்டில் நாள்கணக்கில் தங்கினாலும் அதன் வாலைக்கூடக் காணாமல் திரும்புவதே வழக்கம். பார்க்க முடியாததை எப்படி ரசிப்பது? பதில் நம் தெருவிலேயே இருக்கிறது. குளுவாங்கிலோ கூலாயிலோ சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் படுத்திருக்கும் தெருநாய்க்கும் எண்டாவ் ரொம்பினின் செந்நாய்க்கும் தோளின் அமைப்பு ஒன்றே. அதே மிதக்கும் தோள்பட்டை, அதே தொட்டில் தசை, அதே நார்க்கோடு. மனிதர் வளர்த்து மாற்றிய விலங்கை வைத்துக் காட்டு விலங்கை எப்படி அறிவது என்று இன்னொருவர் கேட்கலாம். குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்டையோ தட்டைமுகப் பக்கையோ வைத்துச் செந்நாயின் முழு உருவத்தை அளக்க முடியாதுதான். ஆனால் யேனா ஆய்வு காட்டியது போல, இத்தனை இனங்களாகப் பிரிந்த பிறகும் தோள்பட்டையின் ஆட்டம் எல்லா நாய்களிடமும் வியக்கத்தக்க வகையில் ஒன்றாகவே இருக்கிறது. மனிதரின் விருப்பம் காதையும் மூக்கையும் காலின் உயரத்தையும் மாற்றியிருக்கிறது. தோளின் அடிப்படை விதியில் அது கை வைக்கவில்லை. இனக்கலப்பில் தானாகவே பிறந்து தானாகவே திரியும் தெருநாய், பயில்வதற்கு மிகப் பொருத்தமான பாடநூல்.

அந்த நாய் நிற்கும்போது முதலில் பாருங்கள். தோள்பட்டையின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு முகடு ஓடும். குட்டை மயிர் நாயிடம் இது கண்ணுக்கே தெரியும். முகட்டின் முன்பக்கம் சுப்ராஸ்பினேட்டஸ், பின்பக்கம் இன்ஃப்ராஸ்பினேட்டஸ். இரண்டும் தோள் மூட்டைத் தாண்டி மேற்கால் எலும்பில் இறங்கிப் பிடித்துக்கொள்கின்றன. மற்ற மூட்டுகளில் தடித்த பக்கப் பிணைப்பு நார்கள் செய்யும் காவல் வேலையை இந்த மூட்டில் பெரும்பாலும் இத்தசைகளின் நாண்களே செய்கின்றன. முகட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே பின்பக்கம் முக்கோணமாகப் புடைத்து நிற்பது ட்ரைசெப்ஸ். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள் நன்கறிந்த அதே தசைதான். நாயிடம் அது முழங்கை மடங்கிச் சரியாமல் தாங்கும் தூண். நோய்வாய்ப்பட்டு மெலிந்த நாயிடம் முகடு கத்திபோல் துருத்தி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். முகட்டின் இரு பக்கமும் நிரம்பியிருக்க வேண்டிய தசை வற்றிவிட்டது என்பதே அதன் பொருள். நிற்கும் நிலையிலேயே தோள் ஒரு விலங்கின் உடல்நலத்தை இவ்வளவு சொல்லிவிடும்.

அடுத்து அது நடக்கும்போது பாருங்கள். காலை மறந்துவிட்டு முதுகுக்கோட்டைப் பாருங்கள். பாரம் ஏறும் பக்கத்துத் தோள்பட்டையின் மேல்நுனி எழும். பாரம் நீங்கியதும் இறங்கும். இரண்டு நுனிகளும் மாறி மாறி எழுந்து தாழ்வது, தறியில் விழுதுகள் ஏறி இறங்குவதுபோல் இருக்கும். துணி இழுபட்டு மார்புக்கூடு சற்றே தொய்வதும் மீள்வதும்தான் அந்த அசைவு. பிறகு நாய் துள்ளோட்டத்துக்கு மாறும்போது தலையைப் பாருங்கள்: உடல் இவ்வளவு ஆடியும் தலை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் மிதந்து போகும். அதிர்ச்சியைத் தோள் குடித்துவிடுவதால் கண்ணும் மூக்கும் கலங்காமல் தம் வேலையைச் செய்கின்றன. தலை தாளம் தப்பி மேலே எழும்பினால், அப்போது தரையில் ஊன்றும் முன்னங்காலில் வலி இருக்கிறது என்று கால்நடை மருத்துவர்கள் கணிப்பார்கள். நோகும் காலில் பாரத்தைக் குறைக்க நாய் தலையை உயர்த்துகிறது. கடைசியாகப் பாய்ச்சலைப் பாருங்கள். பின்னங்கால்கள் தள்ளுகின்றன, முன்னங்கால்கள் முன்னே நீண்டு, இறங்கி, உடலை வாங்கி, அடுத்த தள்ளலுக்கு ஒப்படைக்கின்றன. கைப்பேசியில் மெதுவோட்டக் காட்சியாகப் பிடித்துப் பார்த்தால், தோள்பட்டை எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் சாய்கிறது என்பது தெளிவாகிவிடும். இந்த நான்கு நிலைகளும் பழகிய கண்ணோடு செந்நாய்க் கூட்டம் ஓடும் ஓர் ஆவணப்படத்தைப் பாருங்கள். முன்பு செந்நிறக் கலங்கலாகத் தெரிந்தது இப்போது தோள்களின் அலையாகத் தெரியும்.

பிடியைக் கொடுத்து ஓட்டத்தை வாங்கியது

இவ்வளவு லாபம் இருந்தால் எல்லா வேட்டை விலங்குகளும் காறை எலும்பைக் கைவிட்டிருக்க வேண்டாமா? இங்கேதான் தோளின் மறுபக்கம் திறக்கிறது. அதே காட்டில் வாழும் புலியைப் பாருங்கள். பூனைக் குடும்பத்தில் காறை எலும்பு சிறுத்துத் தசைக்குள் மிதந்தாலும் இன்னும் உண்மையான எலும்பாக இருக்கிறது. புலியின் முன்கை திரும்பும், அணைக்கும், நகத்தை நீட்டி இழுத்துத் தரையில் சாய்க்கும். செந்நாயின் முழங்கை அப்படி வளைந்துகொடுக்காது. முன்கையின் இரண்டு எலும்புகளும் முன்பின் அசைவுக்கென்றே இறுக்கமாகப் பொருந்தியிருக்கின்றன. உள்ளங்காலை மேலே திருப்பி எதையும் பற்றிக்கொள்ள அதற்கு வழியில்லை. மார்புத் தசைகள் கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோகாமல் காக்கின்றன. அணைத்துப் பிடிப்பது அவற்றின் வேலை இல்லை. பக்கவாட்டு அசைவைக் கொடுத்து நேர்க்கோட்டு அசைவை வாங்கிய தோள் இது. செந்நாய் துரத்தும் மிளாவுக்கும், சாலையில் ஓடும் குதிரைக்கும் காறை எலும்பு கிடையாது என்பதைச் சேர்த்து நினைத்தால் செய்தி தெளிவாகும். துரத்துவதும் தப்பிப்பதும் எதிரெதிர் வேலைகள் என்றாலும், நெடுநேரம் ஓட வேண்டிய இரு தரப்பின் உடலும் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கையால் பிடிக்க முடியாத வேட்டைக்காரன், தன்னைப் போலப் பல மடங்கு எடையுள்ள மிளாவை எப்படி வீழ்த்துவான்? பல வாய்கள் வேண்டும். ஒன்று மூக்கைக் கவ்வ, இன்னொன்று விலாவைப் பிடிக்க, மற்றொன்று பின்தொடையைத் தாக்க, ஒரு புலியின் இரண்டு கைகள் செய்யும் வேலையைச் செந்நாய்க் கூட்டம் பகிர்ந்து செய்கிறது. இதைக் கொடூரம் என்று எழுதிய பழைய வேட்டைக்காரர்கள் அந்தத் தோளைக் கவனிக்கவில்லை. பிடித்து நிறுத்திக் கழுத்தை நெரிக்க வாய்ப்பில்லாத உடலின் ஒரே வழி அது. ஆனால் இந்த வாதத்தை மிகைப்படுத்தக் கூடாது. சிங்கத்துக்கு அணைக்கும் கை இருந்தும் அது கூட்டமாக வாழ்கிறது. நரிக்கும் இதே தோள் இருந்தும் அது பெரும்பாலும் தனியாகவோ இணையாகவோதான் இரை தேடுகிறது. ஆகவே தோள் மட்டுமே கூட்டத்தை உண்டாக்கிவிடுவதில்லை. நரி எலியையும் ஓணானையும் வாயாலேயே முடித்துவிடும், அதற்குத் துணை தேவையில்லை. பிடிக்காத தோளும் தன்னைவிடப் பெரிய இரையும் ஒன்றுசேரும்போதுதான் கூட்டம் தவிர்க்க முடியாததாகிறது. இந்த வழியில் இன்னும் தொலைவு போனது ஆப்பிரிக்கக் காட்டுநாய். செந்நாயின் முன்னங்காலில் கட்டைவிரல் இன்னும் இருக்க, ஆப்பிரிக்கக் காட்டுநாயிடம் அது வெளியே தெரிவதே இல்லை. 2020இல் வெளியான ஓர் உடற்கூற்று ஆய்வு, அதன் தோலுக்கு அடியில் கட்டைவிரலின் சிறு எச்சம் ஒன்று புதைந்திருப்பதையும், அந்த விரலுக்கு உழைத்த தசைகள் வேறு வேலைக்கு மாறியிருப்பதையும் காட்டியது. ஓட்டத்துக்காக உடல் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புல்வெளியிலிருந்து மழைக்காட்டுக்கு

இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. ஓடுவதற்கான தோள் திறந்த வெளிக்குத்தான் பொருந்தும். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத எண்டாவ் ரொம்பினில் அதற்கு என்ன வேலை? விடையின் முதல் பாதி மிகப் பழையது. நாய்க் குடும்பம் பிறந்தது வட அமெரிக்காவில். அங்கே கிடைத்த புதைபடிவங்களின் முழங்கையையும் பல்லையும் போர்ஹா ஃபிகெய்ரிதோவும் கிறிஸ்டின் ஜானிஸும் மற்றவர்களும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, காடு அடர்ந்திருந்த காலத்தில், அந்தக் குடும்பத்தின் மூதாதைகள் கீரியைப் போன்ற சிறு விலங்குகள். வளைந்து பிடிக்கக்கூடிய முன்கை கொண்டவை. காலநிலை குளிர்ந்து வறண்டு, காடு சுருங்கிப் புல்வெளி பரவப் பரவ, முழங்கை மெல்ல மெல்ல ஓடும் விலங்கின் முழங்கையாக மாறியது. பிற்பாடு அந்தக் குடும்பம் பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்குள் வந்து, ஒரு கிளை தெற்கே இறங்கி மலேசியக் காடு வரை எட்டியது. ஜொகூரின் மழைக்காட்டில் நடமாடும் செந்நாய், தன் தோளில் ஒரு தொலைதூரப் புல்வெளியைச் சுமந்து வருகிறது.

விடையின் மறுபாதி இன்றைய வாழ்க்கையில் இருக்கிறது. நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970களின் பிற்பகுதியில் கர்நாடகத்தின் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். காட்டில் திரியும் செந்நாயைப் பற்றிய அறிவுக்கு இன்றும் அடித்தளமாக இருப்பவற்றில் அது முக்கியமானது. காட்டுக்குள் அவை மைல்கணக்கில் துரத்துவதில்லை, பெரும்பாலான துரத்தல்கள் சில நூறு மீட்டரில் முடிந்துவிடும் என்பது அவர் கண்டது. அப்படியானால் நெடுந்தொலைவுக்கான தோள் வீணா? துரத்தலை மட்டும் வேட்டை என்று எண்ணினால்தான் அப்படித் தோன்றும். மழைக்காட்டில் இரை அடர்த்தியாக இல்லை. ஒரு சருகுமானோ காட்டுப்பன்றியோ எதிர்ப்படுவதற்கு முன் ஒரு கூட்டம் நெடுந்தூரம் துள்ளோட்டத்தில் சுற்றியாக வேண்டும். அந்தத் தேடலில் செலவாகும் ஆற்றலைச் சிக்கனப்படுத்துவதுதான் தோளின் அன்றாட உழைப்பு. பாய்ச்சல் கண்ணைப் பறிக்கலாம். ஆனால் செந்நாயின் தோளை அதன் முழுத் திறமையோடு பார்க்க வேண்டுமானால், அலட்டாமல் அடி எடுத்துவைக்கும் துள்ளோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் தெரிந்தால் அழகு குறையுமா?

தசைக்குத் தசை பெயர் சொல்லிப் பிரித்துப் பார்த்தால் உயிருள்ள விலங்கின் வசீகரம் போய்விடாதா என்று சிலர் தயங்குவார்கள். பரதநாட்டியத்தை எடுத்துக்கொள்வோம். அரைமண்டி என்றால் என்ன, அதில் நிற்கும்போது தொடையும் இடுப்பும் எவ்வளவு பாரத்தைத் தாங்குகின்றன என்று அறிந்தவருக்கு ஆட்டம் வெறும் உடற்பயிற்சியாகச் சுருங்கிவிடுவதில்லை. முகத்தில் சிரிப்பும் தொடையில் நெருப்புமாக ஆடுகிறவர் மீது அவருக்கு மரியாதை கூடுகிறது. செந்நாயின் தோளும் அப்படித்தான். அதன் உழைப்பை அறியாதவருக்கு ஓட்டம் எளிதாகத் தெரியும். அறிந்தவருக்கு அந்த எளிமைதான் சாதனையாகத் தெரியும். தானியங்கிக் கேமரா எடுத்த ஒரே ஒரு படம் கிடைத்தாலும் இந்த அறிவு பயன்படும். தோள்பட்டையின் நுனி முதுகுக்கு மேல் எழுந்திருந்தால் அந்தக் காலில் பாரம் இருக்கிறது. தலை தாழ்ந்து தோள் முன்னே சாய்ந்திருந்தால் மோப்பம் பிடித்து நடக்கிறது. நின்றுவிட்ட படத்திலிருந்து ஓர் அசைவை நீங்களே மீட்டெடுக்க முடியும்.

இந்த ரசனைக்கு ஒரு கடமையும் உண்டு. உலகில் இனப்பெருக்க வயதில் உள்ள செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான் இருக்கும் என்பது சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீடு; 2004 முதல் அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். இரை குறைவதும் காடு துண்டாவதும் அதற்குப் பெரிய காரணங்கள். தீபகற்ப மலேசியாவில் மிளாவும் கேளையாடும் அருகியதால் 2009இல் அவற்றை வேட்டையாடுவதற்கே தடை விதிக்க வேண்டியதாயிற்று. இன்னொரு காரணம் கம்பிக் கண்ணி. மானுக்கோ பன்றிக்கோ வைக்கும் கண்ணி, அந்த வழியாக வரும் எந்தக் காலையும் பற்றும். முன்னங்காலைக் கம்பி இறுக்கியதும் விலங்கு இழுக்கும். அந்த இழுப்பு முழுவதும், பக்கவாட்டில் முறுக்குண்டு பழகாத, எலும்புப் பிணைப்பில்லாத அந்தத் தோளில் ஏறும். உடலின் 60 விழுக்காட்டைத் தாங்கிய தொட்டிலின் ஒரு பக்கம் அறுந்தால், தப்பிப் பிழைத்த செந்நாயும் கூட்டத்தோடு ஓட முடியாது. தனித்துவிட்டால் இரையைக் கையால் பிடிக்கவும் முடியாது. எண்டாவ் ரொம்பின் ரோந்துப் பணியாளர்கள் கண்ணிகளைத் தேடி அகற்றும்போது எதைக் காப்பாற்றுகிறார்கள் என்பது, தோளைப் பார்க்கப் பழகியவருக்குத்தான் முழுதாகப் புரியும். நாளைக் காலை கடைவாசலில் ஒரு தெருநாய் எழுந்து சோம்பல் முறித்துச் சாலையைக் கடக்கும்போது அதன் முதுகைப் பாருங்கள். மாறி மாறி எழுந்து தாழும் அந்த இரண்டு நுனிகளும், பெத்தாவுக்கு அப்பால் மரநிழலில் எங்கோ இதே நேரத்தில் எழுந்து தாழ்ந்துகொண்டிருக்கலாம்.